‘நெசவாளர்கள்’ நாடகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யார் எழுதிய நாடகம்? எந்தக் காலத்தைப் பற்றியது?

ஜெர்மன் நாடகாசிரியர் கெர்ஹார்ட் ஹாப்ட்மான் எழுதிய ஐந்து அங்க நாடகம் இது. ஜெர்மன் மொழியில் இதன் பெயர் ‘டி வேபர்’. 1892-ஆம் ஆண்டு பெர்லினில் எஸ். ஃபிஷர் பதிப்பகம் இதை நூலாக வெளியிட்டது. எழுதப்பட்டது 1890-களின் தொடக்கத்தில் என்றாலும் கதை நடப்பது 1844-இல், பிரஷ்ய அரசின் கீழ் இருந்த சைலீசியா மாகாணத்தில். அங்கே மலையடிவார ஊர்களில் வீட்டுக்கு வீடு தறி வைத்து நெய்துவந்த ஏழைக் குடும்பங்கள், தங்களுக்கு நூல் கொடுத்துத் துணி வாங்கிய முதலாளிகளுக்கு எதிராக எழுந்ததே நாடகத்தின் பொருள்.

உண்மையில் நடந்தது என்ன?

1844 ஜூன் மாதத் தொடக்கத்தில் பீட்டர்ஸ்வால்டாவ் என்ற ஊரில், ஸ்வான்சிகர் என்ற துணி வணிகக் குடும்பத்தின் வீட்டுக்கு முன்னால் நெசவாளர்கள் சிலர் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் பிடித்துவைக்கப்பட்டார். ஜூன் 4-ஆம் தேதி பெருங்கூட்டம் திரண்டு வந்து அவரை விடுவிக்கும்படியும் கூலியை உயர்த்தும்படியும் கேட்டது. ஏச்சும் மறுப்பும் கிடைத்தபின் அந்த வீட்டை அடித்து நொறுக்கியது. முதலாளி குடும்பம் ஊரைவிட்டுத் தப்பியது. மறுநாள் கூட்டம் பக்கத்து ஊரான லாங்கன்பீலாவுக்குச் சென்றபோது, அங்கே வரவழைக்கப்பட்டிருந்த பிரஷ்யப் படை சுட்டதில் 11 பேர் இறந்தனர், பலர் காயமடைந்தனர். ஆத்திரமுற்ற மக்கள் கல்லும் கட்டையும் கொண்டு அந்தச் சிறு படையைப் பின்வாங்கச் செய்தார்கள். ஆனால் ஜூன் 6-ஆம் தேதி பீரங்கிகளோடு கூடுதல் படை வந்து சேர்ந்ததும் எல்லாம் அடங்கிவிட்டது. கைதும் சிறைத் தண்டனையும் தொடர்ந்தன. இந்த இரண்டு ஊர்களும் இன்று போலந்து நாட்டில், பியெஷித்செ, பியெலாவா என்ற பெயர்களில் இருக்கின்றன.

மூன்று நாள் கலவரம்தான். ஆனாலும் அந்தக் கோடை முடிவதற்குள் கவிஞர் ஹைன்ரிஹ் ஹைனே இதைப் பற்றிக் கவிதை எழுதினார்; பாரிஸில் இருந்த கார்ல் மார்க்ஸ் கட்டுரை எழுதினார். சைலீசியாவைச் சேர்ந்த வில்ஹெல்ம் வோல்ஃப் என்ற எழுத்தாளர் நடந்ததை விரிவாகப் பதிவு செய்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் ஹாப்ட்மான் நாடகத்துக்கு அமர்ந்தபோது அவருக்குக் கைகொடுத்த முக்கியமான ஆதாரங்களில் வோல்ஃபின் பதிவும் ஒன்று.

தறியும் தொழிலும் கையில் இருந்தும் அவர்கள் ஏன் பட்டினி கிடந்தார்கள்?

தறி அவர்களுடையது, நூல் அவர்களுடையது அன்று. வணிகர் நூலை எடைபோட்டுக் கொடுப்பார். நெசவாளர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், மனைவி மக்கள் நூலைத் தாரில் சுற்றித் தர, பகலிரவாக நெய்து, துணியைத் தோளில் சுமந்து திரும்பவும் வணிகர் வீட்டுக்கு வருவார். அங்கே துணி எடைபோடப்படும், விரித்துப் பார்க்கப்படும், குறை கண்டுபிடிக்கப்படும், கூலியில் பிடித்தம் செய்யப்படும். விலை பேசும் உரிமை நெசவாளருக்குக் கிடையாது. வேறு இடத்துக்குப் போகலாம் என்றால் அங்கும் இதே நிலை. இங்கிலாந்தின் ஆலைத் துணி சந்தையில் மலிவாக வந்து குவியக் குவிய, வணிகர் தம் நட்டத்தைக் கூலிக் குறைப்பின் வழியாகக் கீழே தள்ளினார். வேறு பிழைப்பு இல்லாததால் தறிக்கு வரும் கைகளோ பெருகிக்கொண்டே இருந்தன. இவற்றோடு, நிலக்கிழாருக்குச் செலுத்த வேண்டிய பழைய வரிகளும் அந்த மக்களின் தலைமேல் இருந்தன.

இந்தப் பொறியமைப்பைப் புரிந்துகொண்டு நாடகத்தைப் படித்தால், முதல் அங்கத்தில் வரும் தராசு ஏன் அவ்வளவு பயங்கரமான பொருளாகத் தோன்றுகிறது என்பது விளங்கும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முதல் அங்கம் டிரைசிகர் என்ற முதலாளியின் வீட்டில், நெசவாளர்கள் துணி ஒப்படைக்கும் அறையில் நடக்கிறது. மே மாத இறுதி, நண்பகல். பைஃபர் என்ற மேலாள் துணிகளைச் சோதித்துக் குறை சொல்கிறான்; அவனும் ஒருகாலத்தில் தறியில் உட்கார்ந்தவன்தான். முன்பணம் கேட்டுக் கெஞ்சுபவர்களுக்கு இடையில் பெக்கர் என்ற இளைஞன் மட்டும் நிமிர்ந்து நின்று, இது கூலியே அன்று, பிச்சைக் காசு என்கிறான். முதலாளி ஆத்திரத்தில் காசை வீசுகிறார். சில நாணயங்கள் தரையில் விழுகின்றன. என் கூலி என் கையில் வைக்கப்பட வேண்டும் என்று பெக்கர் நிற்கிறான். கலகம் இந்த வாக்கியத்தில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம். கூலியின் அளவைப் பற்றிய சண்டை, கூலி கொடுக்கப்படும் விதத்தைப் பற்றிய சண்டையாக மாறும் கணம் அது. சற்று நேரத்தில் துணி சுமந்து வந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் பசியால் மயங்கி விழுகிறான். டிரைசிகர் பதறுகிறார், பிறகு பெற்றோரைக் குறை சொல்கிறார், அதன் பிறகு தம் பெருந்தன்மையைக் காட்ட இன்னும் 200 நெசவாளர்களுக்கு வேலை தரப்போவதாக அறிவித்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். ஒரு துணிக்குப் பத்து வெள்ளிக் காசு என்ற விலை அதற்குப் பிறகு மேலாள் வாயிலிருந்து வருகிறது. முப்பது வெள்ளிக் காசு சேர்ந்தால் ஒரு தாலர். ஆக, அத்தனை நாள் உழைப்புக்கு ஒரு தாலரில் மூன்றில் ஒரு பங்கு.

இரண்டாம் அங்கம் பவுமெர்ட் குடும்பம் ஒண்டியிருக்கும் அன்சோர்கேயின் குடிசை. மகள்கள் இருவரும் தறியில், நோயாளித் தாயும் மனவளர்ச்சி குன்றிய மகனும் நூல் சுற்றுகிறார்கள். கிழவர் பவுமெர்ட் நெடுநாளாக இறைச்சி கண்டிராதவர். வளர்த்த நாய்க்குட்டியைக் கொன்று சமைக்கச் செய்து உண்கிறார், ஆனால் பழக்கமற்ற வயிறு அதை ஏற்க மறுத்து வெளியே தள்ளிவிடுகிறது. படைப்பணி முடிந்து ஊர் திரும்பிய யேகர் என்ற இளைஞன் அங்கே தடை செய்யப்பட்ட பாட்டை வாசித்துக் காட்டுகிறான். மூன்றாம் அங்கம் ஊர் மதுக்கடை. பாட்டைப் பாடக் கூடாது என்று காவலர் வந்து சொல்ல, பாடிக்கொண்டே எல்லோரும் தெருவுக்கு இறங்குகிறார்கள். நான்காம் அங்கத்தில் அவர்கள் டிரைசிகரின் மாளிகைக்குள் நுழைகிறார்கள். ஐந்தாம் அங்கம் லாங்கன்பீலாவில் ஹில்சே என்ற பக்தியுள்ள முதியவரின் அறையில் தொடங்கி, அவருடைய சாவில் முடிகிறது.

கதாநாயகன் யார்? பெக்கரா, யேகரா?

இருவருமே இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட பாத்திரங்கள் உள்ள இந்த நாடகத்தில் ஒவ்வோர் அங்கமும் வேறோர் இடத்தில் நடக்கிறது, பெரும்பாலும் வேறு மனிதர்களோடு தொடங்குகிறது. நம் மனத்தில் இடம்பிடித்த ஒருவர் அடுத்த அங்கத்தில் கூட்டத்துக்குள் ஒரு முகமாகக் கரைந்துவிடுகிறார். ஐந்தாம் அங்கத்தின் மையமான ஹில்சேயோ அதுவரை மேடையிலேயே தோன்றாதவர். நாடக இலக்கணம் அறிந்தவர்களுக்கு அன்று இது பெரிய பிழையாகத் தெரிந்தது. ஆனால் பசி ஒருவருடைய விதியாக இல்லாமல் ஓர் ஊரின் விதியாக இருக்கும்போது, அதை ஒரு தனிமனிதரின் வீரக் கதையாகச் சொல்வது பொய்யாகிவிடும். ஊரே நாயகன் என்ற முடிவை ஹாப்ட்மான் கொள்கையிலிருந்து எடுக்கவில்லை, பொருளிலிருந்து எடுத்தார்.

முதலாளி டிரைசிகர் வெறும் கொடியவராகக் காட்டப்படுகிறாரா?

படித்தவர்களில் பலர் அப்படி நினைவு வைத்திருக்கிறார்கள். மறுபடி படித்தால் வியப்படைவார்கள். மயங்கி விழுந்த சிறுவனைக் கண்டு அவர் உண்மையிலேயே கலங்குகிறார். தாம் நல்லவர் என்பதிலும், தொழிலின் கவலைகளை இந்த மக்கள் அறியமாட்டார்கள் என்பதிலும் அவருக்கு ஐயமே இல்லை. தம்மைத் தாமே இரங்கத்தக்கவராகக் கருதிக்கொள்ளும் மனிதர் அவர். அந்த இரக்கத்துக்குப் பிறகு மற்றவர்களுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. வெறும் கொடியவராக வரைந்திருந்தால், அவரை அகற்றிவிட்டால் போதும் என்று பார்வையாளர் நிம்மதியடைந்திருப்பார்கள்.

பெயரில் ஒரு சிறு குறிப்பு உண்டு. ஸ்வான்சிகர் என்ற வரலாற்றுப் பெயரில் ஜெர்மன் மொழியின் ‘இருபது’ ஒளிந்திருக்கிறது. டிரைசிகர் என்ற பெயரில் ‘முப்பது’. யாரைச் சொல்கிறார் என்பது அன்றைய வாசகருக்கு உடனே விளங்கியிருக்கும்.

பாதிரியார் கிட்டல்ஹவுஸும் இப்படித்தான். முதலாளி வீட்டு விருந்தினராக அமர்ந்து, நெசவாளர்களுக்காகப் பரிந்து பேசும் இளம் ஆசிரியர் வைன்ஹோல்டைக் கண்டிக்கும் அவர், பிறகு தாமே நல்ல வார்த்தை சொல்லிக் கூட்டத்தை அமைதிப்படுத்தலாம் என்று நம்பி வெளியே போகிறார். அந்த நம்பிக்கை உண்மையானது. அதனால்தான் கூட்டம் அவரையும் விட்டுவைக்காதபோது நமக்கு வலிக்கிறது.

அந்தப் பாட்டு எது?

‘இரத்தத் தீர்ப்பு’ என்று பெயர் பெற்ற அந்தப் பாட்டு 1844-இல் நெசவாளர்கள் உண்மையிலேயே பாடியது. ஹாப்ட்மான் புனைந்தது அன்று. இந்த ஊரில் ஒரு நீதிமன்றம் இருக்கிறது, அங்கே தீர்ப்பு வாசிக்காமலேயே உயிரைப் பறிக்கிறார்கள் என்ற பொருளில் அது தொடங்குகிறது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு முதல் அங்கத்தின் மேடைக் குறிப்புக்குத் திரும்புங்கள். துணியோடு காத்து நிற்கும் நெசவாளர்கள், வாழ்வா சாவா என்ற தீர்ப்பை எதிர்பார்த்து நீதிமன்றக் கூண்டின் முன் நிற்பவர்களைப் போல இருக்கிறார்கள் என்று ஹாப்ட்மான் எழுதியிருக்கிறார். பாட்டில் ஓர் உருவகமாக இருந்த நீதிமன்றத்தை, பாட்டு ஒலிப்பதற்கு முன்பே, அவர் தராசும் மேசையும் காசாளரும் உள்ள ஓர் அறையாக நம் கண்முன் நிறுத்திவிடுகிறார். இரண்டாம் அங்கத்தில் அந்தப் பாட்டு வாசிக்கப்படும்போது கிழவர்கள் அழுவதும் நடுங்குவதும் இதனால்தான்: தாங்கள் அன்றாடம் கண்டதற்கு ஒருவர் பெயர் வைத்துவிட்டார்.

நாடகம் ஏன் தடை செய்யப்பட்டது?

1892 மார்ச்சில் பெர்லின் காவல்துறை தடை விதித்தது. காரணம், இது வர்க்கப் பகையைத் தூண்டும், அமைதியைக் குலைக்கும் என்பது. பேச்சுமொழியைச் சற்று மென்மைப்படுத்திய இரண்டாம் வடிவமும் தடைக்கு உள்ளானது. பொது அரங்குகளுக்குத்தான் தணிக்கை; உறுப்பினர்களுக்கு மட்டும் நடத்தும் சங்கத்துக்கு அது பொருந்தாது. எனவே ஓட்டோ பிராம் தலைமையில் இயங்கிய ‘ஃப்ரையே பியூனே’ என்ற சங்கம் 1893 பிப்ரவரி 26 அன்று இதை முதன்முதலாக மேடையேற்றியது. அதே ஆண்டு மே மாதம் பாரிஸில் நாடக இயக்குநர் ஆந்த்ரே அந்துவான் பிரெஞ்சு மொழியில் நடத்தினார்.

வழக்கு மேல்நீதிமன்றம் வரை போயிற்று. 1893 அக்டோபர் 2 அன்று பிரஷ்ய உயர் நிர்வாக நீதிமன்றம் தடையை நீக்கியது; அதற்குச் சொன்ன காரணத்தை இந்த நாடகத்தைப் படிக்கும் எவரும் அறிந்திருக்க வேண்டும். நாடகம் நடக்கவிருந்த டாய்ச்சஸ் தியேட்டரில் நுழைவுச்சீட்டின் விலை அதிகம், மலிவான இருக்கைகள் குறைவு, எனவே வன்முறையில் இறங்கக்கூடியவர்கள் அங்கே பெருமளவில் வரமாட்டார்கள் என்பதே அது. பசித்தவர்களின் கதையைப் பசியற்றவர்கள் பார்க்கலாம் என்று சட்டம் சொன்னது. 1894 செப்டம்பர் 25 அன்று பொது அரங்கில் நாடகம் நடந்தது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் அந்த அரங்கில் தமக்கு இருந்த தனி இருக்கையை விட்டொழித்தார்.

கடைசியில் கலகத்தில் சேராத கிழவர் ஹில்சே மட்டும் ஏன் சாக வேண்டும்?

அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே.

ஹில்சே போரில் ஒரு கையை இழந்தவர். குடும்பத்தோடு சேர்ந்து காலை வழிபாடு செய்பவர். மறுமையில் கணக்குத் தீர்க்கப்படும் என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. பேத்தி மீல்ஷென் கலவரத்தில் கிடைத்த வெள்ளிக் கரண்டியைக் கொண்டுவரும்போது, அதை விற்றால் பல நாள் சாப்பிடலாம் என்று மருமகள் லூயிசே சொல்லியும், திருப்பிக் கொடுத்தே தீர வேண்டும் என்கிறார். குழந்தைகளைப் பசிக்குப் பறிகொடுத்த லூயிசே, அவருடைய பக்தியின் முகத்துக்கு நேரே தன் ஆண்டாண்டுக் கால வேதனையைக் கொட்டிவிட்டுத் தெருவுக்கு ஓடுகிறாள். தயங்கி நின்ற மகன் கோட்லீப்பும் கடைசியில் போய்விடுகிறான். சன்னல் பக்கத்திலிருந்து விலகும்படி மற்றவர்கள் வேண்டுகிறார்கள். பனியே தீப்பிடித்து எரிந்தாலும் விண்ணகத் தந்தை என்னை வைத்த இந்த இடத்தில்தான் இருப்பேன் என்று சொல்லித் தறியில் உட்காருகிறார். தெருவில் சுட்ட குண்டு ஒன்று சன்னல் வழியே வந்து அவரைச் சாய்க்கிறது.

இதைக் கலகத்துக்கு எதிரான தீர்ப்பாகச் சிலரும், பணிந்து போவதற்கு எதிரான தீர்ப்பாகச் சிலரும் படித்திருக்கிறார்கள். மக்களின் எழுச்சியைக் காட்டும் நாடகம் தன் முடிவில் அந்த எழுச்சிக்கு எதிராகவே எழுகிறது என்று மூத்த விமர்சகர் தியோடோர் ஃபோன்டானே எழுதினார். அவருக்கு அது குறையாகத் தோன்றவில்லை. நான் இரண்டு தீர்ப்புகளையும் ஏற்கவில்லை. ஹில்சேயின் நம்பிக்கையை ஹாப்ட்மான் எங்கும் சிறுமைப்படுத்தவில்லை, லூயிசேயின் சினத்தையும் அப்படியே. இருவர் பேச்சுக்கும் முழு எடை கொடுத்துவிட்டு, குண்டுக்கு அந்த வேறுபாடு தெரியாது என்பதை மட்டும் காட்டுகிறார். சேர்ந்தவருக்கும் சேராதவருக்கும் ஒரே தெரு, ஒரே சன்னல்.

ஹாப்ட்மான் சோஷலிசக் கட்சிக்காரரா?

கட்சிக்காரர் இல்லை. தடை வழக்கிலும் அவர் தரப்பு, இது கட்சிப் பிரசாரம் அன்று, மனிதர்மீதான இரக்கத்திலிருந்து பிறந்த கலைப்படைப்பு என்றே வாதிட்டது. நூலைத் தம் தந்தை ராபர்ட் ஹாப்ட்மானுக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார். இளமையில் ஏழை நெசவாளராகத் தறிக்குப் பின்னால் அமர்ந்திருந்த தாத்தாவைப் பற்றித் தந்தை சொன்ன கதைதான் இதற்கு வித்து என்று அதில் எழுதுகிறார். 1862-இல் சைலீசியாவிலேயே பிறந்தவர். எழுதுவதற்கு முன் அந்த மலையூர்களுக்குப் போய் நெசவாளர் வீடுகளை நேரில் பார்த்தார். 1912-இல் நோபல் பரிசு பெற்றார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-க்குப் பிறகும் நாட்டைவிட்டு வெளியேறாமல் ஜெர்மனியிலேயே தங்கிவிட்டது அவருடைய வாழ்வின் நிழல். அதை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் 1892-இன் இந்த எழுத்தை அதைக் கொண்டு அளக்கவும் முடியாது.

வட்டார வழக்கில் எழுதப்பட்டது என்கிறார்களே?

முதல் வடிவம் முழுக்க முழுக்கச் சைலீசிய வழக்கில் இருந்தது. அதன் பெயர் ‘டெ வாபர்’. பிறகு, பிற பகுதி மக்களுக்கும் புரியும்படி பொதுமொழிக்குச் சற்று நெருக்கமாக்கி எழுதினார். அந்த வடிவத்திலும் நெசவாளர்கள் வழக்கில் பேச, டிரைசிகரும் பாதிரியாரும் படித்தவர்களின் ஜெர்மனில் பேசுகிறார்கள். மொழிபெயர்ப்பில் எல்லோரையும் ஒரே நடையில் பேசவிட்டால் நாடகத்தின் பாதி போய்விடும். ஒரே அறையில் நின்றும் ஒருவர் பேச்சு மற்றவருக்கு எட்டாத தொலைவு அந்த நடை வேறுபாட்டில்தான் இருக்கிறது.

ஓவியர் கேதே கோல்விட்ஸுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

1893-இல் முதல் மேடையேற்றத்தைப் பார்த்த இளம் ஓவியர் அவர். பார்த்துவிட்டு வந்து, கையில் இருந்த வேறு வேலையை ஒதுக்கிவைத்து, ‘நெசவாளர் எழுச்சி’ என்ற ஆறு அச்சோவியங்களை ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உழைத்து முடித்தார். அவை நாடகக் காட்சிகளின் படங்கள் இல்லை: வறுமை, சாவு, கலந்தாலோசனை, ஊர்வலம், தாக்குதல், முடிவு என்று தமக்கே உரிய வரிசையில் அமைத்தார். 1898-இல் நடுவர் குழு பதக்கத்துக்குப் பரிந்துரைத்தும் பேரரசர் மறுத்துவிட்டார். ஊர்வலப் படத்தில், தூங்கும் குழந்தையை முதுகில் சுமந்து நடக்கும் தாயைப் பாருங்கள்.

வரலாற்றிலிருந்து நாடகம் எங்கே விலகுகிறது?

பெயர்கள் மாறியுள்ளன, குடும்பங்களும் உரையாடல்களும் புனைவு. நாடகத்தில், லாங்கன்பீலாவில் விசைத்தறி வைத்திருக்கும் முதலாளியைத் தேடிப் போவோம், எல்லாத் துன்பமும் ஆலைகளிலிருந்துதான் வருகிறது என்று பெக்கர் அறைகூவுகிறான். உண்மையில் அவர்களை வதைத்தது பெரும்பாலும் வீட்டுத்தறியும் வணிகரின் விலையும்தான். எல்லாவற்றிலும் முக்கியமான விலகல், நாடகம் நிற்கும் இடம். படை பின்வாங்கும் கணத்தில் திரை விழுகிறது. பீரங்கி வந்த மறுநாள் மேடைக்கு வருவதே இல்லை.

மேடையேற்ற விரும்பும் குழு எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது?

மூன்றாம் அங்கத்தில் மதுக்கடைக்கு வரும் பயணியின் பேச்சைக் குறைக்கலாம். தேர்ந்த நடிகர்கள் போதாத இடத்தில் சிறு பாத்திரங்களை ஒன்றாக்கலாம். முதல் அங்கத்தின் காத்திருப்பை மட்டும் அவசரப்படுத்த வேண்டாம். துணி எடைபோடப்படும் நேரம் பார்வையாளருக்கும் நீளமாகத் தெரிய வேண்டும். நான்காம் அங்கத்தில் மாளிகைக்குள் நுழைபவர்கள் உடனே உடைக்கத் தொடங்கக் கூடாது. முதலில் அவர்கள் கூச்சத்தோடு, கால் வைக்கத் தயங்கி, கண்ணாடியையும் இருக்கைகளையும் பார்த்து நிற்கிறார்கள். அந்தத் தயக்கம் இல்லாவிட்டால், பிறகு சாதுவான அன்சோர்கே ‘என் வீட்டை நீ எடுத்தால் உன் வீட்டை நான் எடுப்பேன்’ என்று உடைப்பதில் அழுத்தம் இராது.

முடிவைத் திருத்தவே கூடாது. ஹில்சே விழுந்தவுடன் விளக்கை அணைத்துவிடும் இயக்குநர்கள் கடைசி வரியை இழந்துவிடுகிறார்கள். வெளியே வெற்றிக் கூச்சல் கேட்கிறது. அறைக்குள் அவருடைய மனைவி இருக்கிறாள். கண் தெரியாதவள், காதும் சரியாகக் கேட்காதவள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தறியில் கவிழ்ந்து கிடக்கும் கணவரிடம், ஏதாவது பேசுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது என்கிறாள்.